பித்தளை நல்வரவு

என் தாய்மாமனுக்குப் பொறுமை என்னும் குணம் அறவே இல்லை. அவரைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கோ அது மிகுதியாகத் தேவைப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆனையூரில் நாங்கள் வீடு கட்டினோம். புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக, வாயிற்கதவில் பொருத்துவதற்கு 'நல்வரவு' என்னும் எழுத்துகளைப் பித்தளைத் தகட்டில் வெட்டித் தருவதாக மாமா அறிவித்தார்.

இரும்பில் வெட்டினால் எளிதாக முடியுமே என்றார் அம்மா.

"சீருல இரும்பக் கொண்டாந்து வைக்கச் சொல்றியாக்கா?"

எங்களுடன் வாழ்ந்த அத்தை, அதாவது அப்பாவின் மூத்த சகோதரி, வெற்றிலைக் காம்பைக் கிள்ளியவாறே, "பழகுன சாமான்தான, இரும்பே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அத்தைக்குத்தான் எத்துணைப் பெருந்தன்மை என்று வியந்தேன். அம்மாவோ எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

எழுத்துகளை அட்டையில் வரைந்தவள் நான் என்பதால், அவற்றின் வடிவம் சிதையாமல் காக்கும் பொறுப்பும் எனதாயிற்று. பள்ளி விடுமுறையை மாமாவோடு அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் இரும்புத்தூளுக்கு நடுவே கழித்தேன். பட்டறைக்காரர் எரிவாயுச் சுடரால் உலோகம் வெட்டும் கருவியை அண்மையில்தான் வாங்கியிருந்தார். அதற்கு முன் பித்தளையை அதில் வைத்துப் பார்த்ததேயில்லை. அதை ஒப்புக்கொள்வதற்கு மாறாக, "நெருப்புக்குப் பித்தளை என்ன, இரும்பு என்ன மாப்ள? வெண்ணெயா அறுத்துத் தாரேன்" என்றார்.

வெண்ணெய் என்ற சொல் மட்டும் மெய்யாயிற்று. சுடர் பட்டதும் தகடு அறுபடாமல் உருகிச் சரிந்தது. வெண்புகை எழ, மூவரும் இருமியபடி தெருவுக்கு ஓடிவந்தோம். நான் வளைத்து வளைத்து வரைந்த 'ந', மண்ணில் விழுந்த களிபோல் கிடந்தது.

"தகடு மட்டம், மாப்ள."

"ஒங்க சிலிண்டர் மட்டம்ணே."

மாமா மறுநாள் தடித்த எவர்சில்வர் தகட்டோடு வந்தார். அதன் விளிம்பு தீய்ந்த தோசையாயிற்றேயன்றி எழுத்து எழவில்லை. இரும்பை வெட்டிப் பாருங்கள் என்று எத்தனை முறை கூறினேனோ, அத்தனை முறையும் என்னைத் தேநீர் வாங்கிவர அனுப்பினார்கள். விடிந்தால் விழா. மாமா ஒரு செப்புத் தகட்டை விசாரிக்கத் தொடங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறுதியில், தம் சுடரில் குறையில்லை என்று மெய்ப்பிப்பதற்காகவே பட்டறைக்காரர் ஓர் இரும்புத் தகட்டை எடுத்து வைத்தார். தீப்பொறிகள் பூவாய்ச் சிதற, 'ந' என் அட்டையில் இருந்தவாறே அறுந்து விழுந்தது. மாமாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"பொன் வண்ணம் பூசிட்டா எவன் மாப்ள சொரண்டிப் பாக்கப் போறான்?" என்றார் பட்டறைக்காரர்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இது பித்தளை. என்ன?"

தலையசைத்தேன்.

விழா நாளில் எழுத்துகள் வாயிற்கதவில் மின்னின. அம்மா ஓர் எழுத்தின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார். மாமா பந்தல் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அம்மா புளியும் தேங்காய் நாருமாக வாயிற்கதவருகே நின்றார். அத்தை முன்னறையில் அமர்ந்திருந்தார்.

"அம்மா, அது..." என்று தொடங்கினேன்.

"தண்ணி எடுத்துட்டு வா. பித்தளைய வாரா வாரம் வெளக்கலேன்னா கறுத்துப்போகும்" என்றார் அம்மா. அவர் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் இதுவே நடந்தது. நெடுநேரம் கை அசையும். ஆனால் புளி எழுத்தில் படுவதேயில்லை. இப்படித் துலக்கினால் எது பளபளக்கும் என்று செம்பை ஏந்தி நின்ற எனக்கு எரிச்சல் மூளும். மணமாகி வந்தபோது அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சீர், கட்டிலுக்கடியில் கிடந்த இரும்புப் பெட்டி என்பதை அப்போது நான் அறியேன். பெரியவர்களுக்கு உலோகங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்ற முடிவுக்குத்தான் அன்று வந்திருந்தேன்.