ஹேயின் வாங்கிய பூஜ்யம்

என் மகள் ஹேயின் உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் நாளே மானத்தை வாங்கினாள். கணக்கு வாத்தியார் பாங் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து, "சார், உங்க பட்டப்பேரு என்ன? உங்கள என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரித்ததாம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாஜுவில் மூன்று வருஷம் அவள் படித்த மாற்றுப் பள்ளியில் ஆசிரியர்களின் பேரே மேகம், பூசணி என்றுதான் இருக்கும். பரீட்சை கிடையாது. கணக்கை முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கடைசிப் பிள்ளைக்குப் புரிகிறவரை யாரும் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கக் கூடாது. என் மாமியார் வீட்டில் அத்தனை பேரும், "பொண்ணு வாழ்க்கைய பாழாக்குறே" என்று கத்தினார்கள். நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் ரேங்கைத் தவிர வேறு பேச்சே இல்லாத அம்மாக்களின் தலையை வெட்டி வெட்டி வெறுத்துப்போனவள் நான்.

மே மாதம் பள்ளியிலிருந்து போன். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கணக்குத் தேர்வில் ஹேயின் சீக்கிரம் முடித்திருக்கிறாள். பின்னால் க்யூரி என்ற பெண் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். இந்த மகராசி திரும்பி, தன் தாளை அவள் மேஜையில் வைத்து, பென்சிலால் தொட்டுக் காட்டி விளக்கியிருக்கிறாள். அதுவும் வாய்விட்டு!

"ஹேயின் அம்மா, இந்த மார்க் காலேஜ் வரைக்கும் வரும்" என்றார் பாங். "இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் பூஜ்யம். அந்தப் பொண்ணு கேட்டிருந்தா தப்புல பாதி அவளோடது. அவளுக்குப் பூஜ்யம் அப்படியே நிக்கும், இவளுக்குப் பாதி மார்க் மட்டும் குறைப்போம். இவளாவே காட்டியிருந்தா இவளுக்கு மட்டும் பூஜ்யம், க்யூரிக்கு மறுதேர்வு. நடந்தத ஹேயினே எழுதட்டும். க்யூரி அழுதுக்கிட்டே இருக்கா, ஒரு வார்த்தை வரல."

ஹேயின் முன்னால் விளக்கம் எழுதும் தாளை வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் ஹேயின் காதருகே குனிந்தேன்.

"கேட்டான்னு எழுதுடி."

"அவ கேக்கலம்மா. அழுதா, அவ்வளவுதான்."

"அது யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு வரி. என்ன குடிமுழுகிப் போகுது? அவ உனக்கு அக்காவா தங்கச்சியா?"

ஹேயின் என் முகத்தையே பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அம்மா, என்னை அந்த ஸ்கூல்ல சேர்த்தது நீதானே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என் நாற்காலியில் உட்காரும் அந்த அம்மாக்கள் யாரும் இந்த அளவுக்கு இறங்கியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

அவள் எழுத ஆரம்பித்தாள். 'க்யூரி கேட்கவில்லை. நானாகவே காட்டினேன். அது தப்பு என்று எனக்குத் தெரியாது.' பேரை எழுதி முடித்தவள், தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"கீழ நீயும் கையெழுத்து போடணும்மா."

அவள் எழுதியதை இன்னொரு முறை படித்துவிட்டு, பெற்றோர் என்று போட்டிருந்த இடத்தில் என் பேரை எழுதினேன்.