மாமா லாரியில் போன கேழ்வரகு அடை

கேழ்வரகு அடையை நன்றாக ஆறவைத்த பிறகுதான் அத்தை துணியில் சுற்றுவார். சூட்டோடு கட்டினால் வேர்த்து, திண்டிவனம் தாண்டுவதற்குள் நசநசத்துவிடும். முருங்கைக்கீரை போட்ட அடை நான்கு, அவித்த வேர்க்கடலை, ஒரு பாட்டில் மோர். பண்ருட்டியில் பலா ஏற்றிக்கொண்டு சென்னைக்கு லாரி ஓட்டிய மாமாவுக்கு அதுதான் வழிச்சாப்பாடு. அவருடைய வலது கால் பெருவிரலில் புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கடலூர் மருத்துவர் சொல்லியிருந்தார். விரல் போனால் லாரியும் போகும். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது.

ஒவ்வொரு நடைக்கும் துணி காலியாகத் திரும்பியது. சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் அத்தையும் கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பத்திரிகை வேலைக்கான நேர்காணலுக்குச் சென்னை போக வேண்டியிருந்ததால் நானும் உடன் இருந்தேன். விழுப்புரம் தாண்டி ஒரு சாலையோரக் கடையில் லாரி நின்றது. மாமா இறங்குவதற்குள் கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"வாங்கண்ணே, நாலு பரோட்டா, சால்னா ஜாஸ்தியா?"

மாமா குனிந்து டயரைப் பார்த்தார்.

"அப்ப என் அடைய யாரு துன்னது?" என்றார் அத்தை.

"பெட்ரோல் பங்க் வாட்ச்மேன்."

"அவுருக்காவது சக்கர எறங்கிச்சா?"

மாமா டயரை விட்டு நிமிர்ந்தார். பிறகு, "எல்லாரும் பெஞ்சுல ஒக்காந்து பேசிக்கினு துன்றாங்க. நான் மட்டும் கேபின்ல தனியா மூட்டய அவுக்கணுமா? பத்தியக்காரன்னு ஓட்றானுங்க" என்றார்.

உடம்புக்கு எது நல்லது என்பதில் அத்தைக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதை மாமா யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அதுவரை அவர் யோசித்ததில்லை. அந்தப் பெஞ்சிலேயே துணியைப் பிரித்து, உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு அடையைப் பிய்த்துக் கொடுத்தார். "தொட்டுக்க எதுனா இருந்தா இன்னும் ரெண்டு போவும்க்கா" என்றார் ஒருவர். அடுத்த நடையிலிருந்து பூண்டுத் துவையலும் போயிற்று, அடை மும்மடங்காயிற்று. கடைக்காரர் முணுமுணுத்தார், டீ விற்றதில் சமாதானமானார். மாமா பெஞ்சில்தான் உட்கார்ந்தார், அடைதான் சாப்பிட்டார். புண் மெல்ல ஆறியது. விரல் தப்பியது.

அத்தை இப்போது இல்லை. மாமா லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருடமாகிறது. சென்ற மாதம் சிதம்பரத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து சென்னைக்கு அவரை என் காரில் அழைத்துப்போனேன். என் மனைவி அடை கட்டிக் கொடுத்திருந்தாள். வண்டி ஓடும்போதே சாப்பிட்டுவிடுங்கள் என்றேன், கேட்கவில்லை. லாரிகள் நிற்கும் இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். அங்கே தனியாக நின்றிருந்த ஓர் ஓட்டுநரிடம், "மச்சான், சாப்ட்டியா? வா" என்றார். அவர் கை கழுவி வரும்வரை மாமா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.