ஒரு புள்ளி மட்டும் மறுபக்கம்

இல்லை, எமிலியானுஸ் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு ஆளுக்கொரு கதை கட்டுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலய வான் ஓட்டுகிற பிறின்ஸ் எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னான்:

"சீவியம் முழுக்க அமெரிக்காவைத் திட்டின மனுசன். கடைசியிலை நான் கொம்யூனிஸ்ட் இல்லை எண்டு கையெழுத்து வைச்சுப்போட்டு அமெரிக்காவுக்கே பறந்திட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"பாக்க என்ன கிடக்கு ஆச்சி? ஓம் எண்டு போட்டிருந்தால் விசா குடுத்திருப்பாங்களே?"

"நான் பாத்தனான்."

"உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே!"

அதற்கும் ஒரு சிரிப்பு. தெரியாதுதான். என் பெயரைக்கூட நான் எழுதியதில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிய அன்று அந்த மேசையில் நானும் இருந்தேன். புள்ளி எந்தப் பக்கம் கிடந்தது என்று பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் பேத்தியை இருத்திவைத்து இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன். நான் சொன்ன மாதிரியே எழுதுகிறாள்.

எமிலியானுஸும் நானும் தீவகத்தில் ஒரே ஊர். இங்கே பலெர்மோவில், பிரான்காச்சோப் பக்கத்தில், நாலாம் மாடியில் எதிரெதிர்க் கதவு. என்னைவிட நாலு வயது இளையவர், எழுபத்து நாலு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் மாடிப்படிகளைக் கழுவினார், வயதானவர்களைக் குளிப்பாட்டினார். மனைவி சூசையம்மா மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஒரே மகள் அனிற்றா. பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அமெரிக்காவில் கலியாணம் கட்டி, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டாள்.

போன மாரியில் எமிலியானுஸ் குளியலறையில் விழுந்தார். காலை ஏழு மணிக்கு விழுந்தவர், மத்தியானம் நான் சோறு கொண்டுபோய்க் கதவைத் தட்டும் வரைக்கும் அந்த ஈரத்திலேயே கிடந்தார். அதற்குப் பிறகு அனிற்றா விடவில்லை. "அப்பா இனித் தனிய இருக்க ஏலாது. நான் கூப்பிடுறன், வந்து என்னோடை இருக்கட்டும்" என்று தகப்பனைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைப் போட்டாள். எங்கள் கட்டிடத்து லிப்ட் ஒன்பது வருடமாக ஓடவில்லை. மகளிடம் போகாவிட்டால் அவருடைய மிச்சக் காலம் அந்த நாலு மாடியும் அந்தக் குளியலறையும்தான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படிவம் நிரப்ப மண்டபத்தில் கிருசாந்தினி உட்கார்ந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக் காகிதம் நிரப்பிக் கொடுப்பவள் அவள்தான். கொம்பியூட்டரில் கேள்வி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. ஆயுதம் கடத்தினீர்களா? ஆளைக் கொன்றீர்களா? உளவு பார்த்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் எமிலியானுஸ் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பிள்ளை, இவங்கள் என்னை ஆர் எண்டு நினைச்சாங்கள்? நான் படி கழுவினவன்."

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான் மாமா. நான் கடகடவெண்டு இல்லை இல்லையெண்டு போட்டுக்கொண்டு போறன்."

திரையில் ஓமுக்கு ஒரு வட்டம், இல்லைக்கு ஒரு வட்டம்; புள்ளிகள் எல்லாம் இல்லைப் பக்கத்தில் வரிசையாக விழுந்தன. திடீரென்று எமிலியானுஸ் கையை நீட்டினார்.

"நில்லு. இப்ப என்ன கேட்டது?"

"கொம்யூனிஸ்ட் கட்சியிலை உறுப்பினராய் இருந்தனீங்களோ எண்டு. அதுக்கும் இல்லை எண்டு போட்டிட்டன்."

"மாத்து."

"மாமா, பெர் ஃபவோரே! அமெரிக்காக் காகிதம் இது. இந்தக் கேள்விக்கு ஓம் போட்டால் சரி, முடிஞ்சுது."

"இருந்தனான் பிள்ளை. மாத்து."

அவள் மாற்றவில்லை. கொம்பியூட்டரை மூடிவிட்டு, ஒரு கிழமை யோசியுங்கள் என்று சொன்னாள்.

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்லாவிட்டால் அவருடைய பிடிவாதம் உங்களுக்கு விளங்காது. நாங்கள் பள்ளிக்கூட வயதாக இருந்தபோது உலகத்தை இரண்டு பெரிய நாடுகள் பங்கு போட நின்றன. எங்கள் தீவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாது, சாமான் மட்டும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமை மா வந்தது. சாக்கில் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். இன்றைக்கும் என் வாயில் அதற்கு அமெரிக்கன் மா என்றுதான் பெயர். அந்தச் சாக்கை வெட்டி அம்மா எனக்கு உள்பாவாடை தைத்தார். மொஸ்கோவிலிருந்து படப் பத்திரிகை வந்தது. வழுவழுப்பான தாள், கொப்பிக்கு உறை போட அடிபிடி. எமிலியானுஸின் கொப்பியில் ஒரு ரஷ்யப் பெண் டிராக்டரில் இருந்து சிரிப்பாள். பள்ளிக்கூடத்துச் சிஸ்ரர் அதைக் கிழித்துவிட்டு மாதா படம் போட்ட கலண்டர் தாளைக் கொடுத்தார். அடுத்த நாள் பார்த்தால் மாதாவுக்கு அடியில் இன்னொரு டிராக்டர் இருந்தது.

பிறகு மொஸ்கோவும் பீக்கிங்கும் கோபித்துக்கொண்டன. உடனே எங்கள் ஊர்க் கொம்யூனிஸ்ட் கட்சியும் இரண்டாகிப் போனது. ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற அண்ணனும் தம்பியும் வலையின் இரண்டு தலைப்பையும் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வருடம் இழுத்தார்கள். எமிலியானுஸ் பதினெட்டு வயதில் பீக்கிங் பிரிவில் சேர்ந்தார். சீனா எந்தத் திசை என்று கேட்டிருந்தால் கையைக் காட்டத் தெரிந்திருக்காது. அவர் சேர்ந்தது ஒரு வாங்குக்காக.

சந்தியில் இருந்த தேநீர்க் கடையில் எங்கள் சாதி ஆட்களுக்கு வாங்கில், அந்த நீளப் பலகையில், இருக்க அனுமதி இல்லை. வெளியே நிலத்தில் குந்தியிருந்து, எங்களுக்கென்று ஒதுக்கி வைத்த தகரப் பேணியில் குடிக்க வேண்டும். பீக்கிங் பிரிவுக்காரர் வந்து, "கேட்டுக்கொண்டு நிண்டது காணும், உள்ளை போய் இருப்பம்" என்றார்கள். ஐந்து பேர் உள்ளே போய் வாங்கில் இருந்தார்கள். எமிலியானுஸ் நடுவில். யாரோ சோடாப் போத்தலால் அடித்தார்கள். அன்றைக்குப் போன இடது காது இன்றைக்கும் கேட்காது. ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கடையில் எல்லோருக்கும் வாங்கு, எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸ். கிளாஸ் கிடைத்த முதல் நாள் போய் இருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் வீதியில் நின்று பார்த்தேன். அப்பா கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். தேநீர் ஆறிப் போயிற்று, அவர் குடிக்கவில்லை.

பத்து வருடத்தில் அந்தப் பீக்கிங் பிரிவும் துண்டு துண்டானது. எமிலியானுஸ் விலகிவிட்டார். பிறகு போர். எண்பத்தைந்தில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரை ரஷ்ய விமானத்தில் ஏற்றினான். "மொஸ்கோப் பிரிவுக்காரர் ஒருத்தரும் காணாத மொஸ்கோவைப் பீக்கிங் பிரிவுக்காரன் நான் கண்டனான், விமான நிலையத் தரையிலை ஒன்பது மணித்தியாலம் கிடந்து" என்று சொல்லிச் சிரிப்பார். அங்கிருந்து கிழக்குப் பேர்லின். நடுவில் மதில் நின்ற ஊர். ரயிலேறி மேற்குப் பக்கம் இறங்கியபோது யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லையாம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இடைவெளிக்குள்ளால் எங்கள் சனம் எவ்வளவோ பேர் புகுந்து வந்தார்கள். அவரும் வந்தார், கடைசியில் பலெர்மோவில் கரைசேர்ந்தார்.

அந்த ஒரு கிழமையும் எல்லோரும் அவருக்குப் புத்தி சொன்னோம். நானும் சொன்னேன், மறைக்கவில்லை. "தம்பி, அந்தக் கட்சிக் காகிதமெல்லாம் போரிலை எரிஞ்சு சாம்பலாய்ப் போச்சு. ஆர் வந்து சாட்சி சொல்லப் போறாங்கள்? இல்லை எண்டு போட்டிட்டு மோளிட்டைப் போ." அனிற்றா தொலைபேசியில் அழுதாள்.

லிபெர்த்தாவில் அவர் பத்தொன்பது வருடம் வேலை செய்த வீட்டுச் சின்யோராவும் இல்லை என்றே போடச் சொன்னாராம். அந்த அம்மாவின் தாயும் அந்தக் காலத்தில் கட்சிக்காரி. கட்சியில் இருப்பவர்களுக்குப் பூசையில் நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், கொடுக்கக் கூடாது என்று ரோமாபுரி கட்டளை போட்டிருந்ததாம். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி கேட்டபோது தாய் இல்லை என்று சொல்லி நன்மை வாங்கினார், கட்சி அட்டையை வீட்டில் எங்கேயோ ஒளித்தார், தொண்ணூறு வயது வரை சுகமாக இருந்தார். "நீயும் சொல், எமிலியானோ" என்றாராம் சின்யோரா.

"கடைசிக் காலத்தில் உங்கள் தாய் எப்படி இருந்தார்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அட்டையை எங்கே ஒளித்தேன் என்று கேட்டுக்கொண்டே செத்தாள்" என்றாராம் சின்யோரா.

அன்று பின்னேரம் அவர் என் கதவைத் தட்டினார். "அக்கா, வாங்கோ மண்டபத்துக்கு. நீங்களும் பக்கத்திலை இருங்கோ."

"ஓம் எண்டு போட்டு அவங்கள் மறிச்சால்?"

"மறிக்கட்டும். இல்லை எண்டு போட்டால் நான் அந்த வாங்கிலை இருக்கேல்லை எண்டாகும். உங்கடை அப்பா கிளாசைப் பிடிச்சுக்கொண்டிருந்ததும் பொய்யெண்டாகுமே?"

கதவைப் பூட்டினேன். போனேன். கிருசாந்தினி முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். நான் பார்த்தேன்: மேலிருந்து கீழ்வரை எல்லாப் புள்ளியும் ஒரு பக்கம், ஒரே ஒரு புள்ளி மறுபக்கம். பிறின்ஸ், கேட்டுக்கொள்.

நேர்முகத்துக்கு, அமெரிக்கத் தூதரக அலுவலகம் இருக்கிற நாப்போலிக்குப் போக வேண்டும். அவரும் கிருசாந்தினியும் கப்பலில் போனார்கள். ஒரு காது கேளாதவர் என்பதால் அவளையும் உள்ளே விட்டார்கள். அங்கே நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள். ஒரு இளம் அதிகாரி, நல்ல இத்தாலியன் பேசினாளாம். எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறாள்.

"பீக்கிங் பிரிவு எண்டு தெளிவாய்ச் சொல்லு பிள்ளை. மொஸ்கோ எண்டு எழுதிப்போடப் போறா."

"மாமா, இவைக்கு ரெண்டும் ஒண்டுதான்!"

"இவைக்கு ஒண்டு. எங்கடை ஊரிலை ரெண்டு வருசம் ஆளையாள் கதைக்கேல்லை."

காது எப்படிப் போனது என்று அந்தப் பெண் கேட்டாளாம். அவர் வாங்குக் கதையைச் சொன்னார். எப்போது விலகினீர்கள், இப்போதும் அந்தக் கொள்கையை நம்புகிறீர்களா என்று கேட்டாள். "வாங்கிலே எல்லோரும் இருக்கலாம் என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று" என்றாராம். அவள் வெகுநேரம் தட்டச்சுச் செய்தாள். மேலே அனுப்ப வேண்டும், காத்திருங்கள் என்றாள்.

ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் இதே பிறின்ஸ் என்ன சொன்னான் தெரியுமா? "விசர் மனுசன், ஓம் எண்டு போட்டுத் தன்ரை வாழ்க்கையைத் தானே கெடுத்துப்போட்டுது." இப்போது இல்லை என்று போட்டார் என்கிறான். அன்று ஓம் போட்டார் என்று திட்டிய வாய்தான் இது. எமிலியானுஸ் நாலு மாடியும் ஏறி இறங்கினார். நான் ஒவ்வொரு நாளும் காலையில் அவர் கதவில் காதை வைத்துக் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அடுப்பை மூட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடவுச்சீட்டு வந்தது. விசா உள்ளே ஒட்டியிருந்தது. கிருசாந்தினி ஓடி வந்து, தான் தேடிப் பார்த்ததைச் சொன்னாள். கட்சியை விட்டுப் பல வருடமானவர்களுக்கு அந்தக் கேள்வி தடையில்லையாம். அது சட்டத்திலேயே இருக்கிறதாம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓம் என்றால் கதவு மூடும் என்று நாங்களே முடிவு கட்டி, அந்த மனுசனைப் பொய் சொல்லச் சொல்லி ஒரு கிழமை வதைத்திருக்கிறோம்.

எமிலியானுஸ் என் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். "அக்கா, பசிக்குது" என்றார். ஏழு கிழமைக்குப் பிறகு அவர் வாயால் அதைக் கேட்டேன்.

போகிற நாள் விடியவே எழும்பி ரொட்டி சுட்டேன். தேங்காய்ப்பூப் போட்டு, சம்பலும் அரைத்தேன். மூன்று சாப்பிட்டார்.

"அமெரிக்கன் மா. அங்கை போயும் இதுதான்" என்றேன்.

"அங்கை இதுக்கு என்ன பேர் அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

விமான நிலையத்துக்குக் கொண்டுபோக, தேவாலய வானோடு வந்து நின்றது பிறின்ஸ்தான். ஏறி வந்த மூச்சு வாங்கல் அடங்கவில்லை, அதற்குள் கேட்டான்: "அண்ணை, போற நேரம் மெய்யைச் சொல்லுங்கோ. அந்தக் கேள்விக்கு என்ன போட்டனீங்கள்?"

கேட்கிற காதுப் பக்கம்தான் நின்றான். எமிலியானுஸுக்கு நன்றாகக் கேட்டது. நாப்போலியில் கேட்டவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, இவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

"பிறின்ஸ், இந்தப் பெட்டியைத் தூக்கு. பாரமாய்க் கிடக்கு."

அந்தப் பதிலை வைத்துத்தான் இவன் இவ்வளவு கதையும் கட்டியிருக்கிறான்.

எமிலியானுஸ் சூசையம்மாவின் படத்தைக் கைப்பைக்குள் வைத்தார். குளியலறை விளக்கை அணைத்தார். திறப்பை என் கையில் தந்து, "போட்டு வாறன் அக்கா" என்றார். திரும்பி வருவாரா என்று நான் கேட்கவில்லை. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ரொட்டிப் பொதி, கதவைத் தாண்டி வெளியே போனார்.