கரட்டுக்கு அந்தப் பக்கம்

தேவாரத்தில் வயர் இல்லாமல் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சுருளிராஜனுக்கு, கோம்பையில் அதே தொழில் செய்யும் ஜெசிந்தாவின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். “நாலு ஆன்டெனா வச்சா நாலு மடங்கு வேகம்” என்று ஊரெல்லாம் அளந்தவர் சுருளிராஜன். கரட்டு மலைக்குப் பின்னால் இருந்த எஸ்டேட் பங்களாவுக்கோ அந்த நாலும் சேர்ந்தும் சிக்னல் கொடுக்கவில்லை. எல்லாம் மலையில் முட்டி நின்றன. அவள் இரண்டே ஆன்டெனாவில் கொடுத்துவிட்டாள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் எங்கோ ரிலே பெட்டி வைத்து, வாங்குகிற சிக்னலை அங்கிருந்து திருப்பி அனுப்புகிறாள், கள்ளி! மூன்று நாள் பைக்கில் அலைந்து கண்டுபிடித்தார். மலை வளைகிற இடத்தில் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் ரூம் மேல் அந்தப் பெட்டி. யார் தோப்பு என்று விசாரித்தால், அவர் மனைவி அனுசுயாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து குதித்தார்.

“அந்தப் புள்ள வந்து, ‘இங்கன நின்னா ரெண்டு பக்கமும் தெரியுதுக்கா, ஒரு பெட்டி வச்சுக்கிறட்டுமா’ன்னு கேட்டுச்சு. சரின்னேன்” என்றாள் அனுசுயா. “கல்யாணமாகி இருபது வருசமாச்சு. நீங்க அங்கன ஒருநாளாவது எட்டிப் பாத்தீகளா?”