ஃபைலகா தீவில் தண்ணீர் சொட்டிய ஏசி

நான் கோயிலுக்குப் போறவன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா பேய், ஆவி, செத்தவங்க வந்து நின்னாங்கன்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன். என் தொழில் அப்படி. ஏசி மெக்கானிக்குக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கணும். சத்தம் வந்தா ஃபேன் தட்டுது, கூலிங் இல்லேன்னா கேஸ் இல்ல, தண்ணி சொட்டினா மெஷின் ஓடுது, அவ்வளவுதான். அதனால இப்ப சொல்லப் போறதை நீங்க நம்பலேன்னா எனக்கு வருத்தமே இல்ல, உங்க இடத்துல நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனா நடந்துச்சு. அதுவும் பட்டப்பகல்ல நடந்துச்சு, அதுதான் எனக்கு இன்னமும் பிடிபடல.

ரெண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும், குவைத்துல மங்காஃப்ல இருந்தேன். சொந்த ஊரு தூத்துக்குடி. ஒரே ரூம்ல ஆறு பேரு, அதுல எனக்கு ரொம்ப வேண்டியவன் செல்வம், புதுக்கோட்டைப் பக்கம், சைட்டுல கம்பி கட்டுறவன். எட்டு வருஷம் வேலை பார்த்துட்டு விசாவ கேன்சல் பண்ணிட்டு ஒரேயடியா ஊருக்குக் கிளம்புறான், இன்னும் ரெண்டு வாரந்தான். அப்ப ஒரு நாள் துணி துவைச்சுக்கிட்டே சொல்றான், "மாப்ள, ஊருக்குப் போனா குவைத்து எப்படி இருக்கும்னு கேப்பாய்ங்க. நான் ரூமையும் சைட்டையும் தவிர எதைப் பார்த்தேன்? புள்ளைககிட்ட சொல்றதுக்காவது ஒரு இடம் காட்டுறா."

அவன் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா கையில ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. என்கூட டூட்டி பார்த்த மலையாளி ஒருத்தர்தான் ஃபைலகான்னு ஒரு தீவு இருக்கு, சால்மியாவுல இருந்து போட் போகுது, போட் டிக்கெட் மட்டும் எடுத்தா போதும், அங்க சுத்திப் பார்க்க ஒரு பைசா கிடையாதுன்னு சொன்னார். தொண்ணூறுல ஈராக் படை வந்தப்ப அங்க இருந்த சனத்தையெல்லாம் கிளப்பிட்டாங்களாம், அப்புறம் யாரும் திரும்பக் குடி வரலையாம், வீடு, ஸ்கூலு, பேங்கு எல்லாம் குண்டு பாஞ்ச ஓட்டையோட அப்படியே கிடக்குதாம். செல்வத்துக்கு உடனே ஆசை வந்துடுச்சு.

வெள்ளிக்கிழமை காலையில கிளம்பினோம். புளிச்சோறும் அவிச்ச முட்டையும் கட்டிக்கிட்டு, டாக்ஸி எல்லாம் கிடையாது, பஸ்ல போய் இறங்கி மிச்சத்தை நடந்து, போட்ல ஏறினோம். செல்வத்துக்கு கடல்ல போறதே புதுசு, ஒரு மணி நேரத்துக்கு மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். கூட வந்தவங்கள்ல பாதிப் பேரு குவைத்திக் குடும்பம், அடுப்பு, பாய், வேலைக்காரப் பொண்ணுங்க எல்லாத்தோடயும் பிக்னிக் வந்தவங்க. அங்க இறங்கினதும் அவங்க வண்டியில ஏறிப் போயிட்டாங்க, நாங்க நடந்தோம். திரும்புற போட் மூணரை மணிக்கு, அதை விட்டா மறுநாள்தான்.

அந்த ஊரைப் பார்த்தா என்னமோ மாதிரிதான் இருந்துச்சு, மறைக்கல. ரோடு இருக்கு, லைட்டுக் கம்பம் இருக்கு, ஆளு இல்ல. செல்வம் ஒவ்வொரு பில்டிங்கையும் தொட்டுப் பார்த்து, வெடிச்ச காங்கிரீட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பியைப் பார்த்து, பன்னெண்டு எம்எம், பதினாறு எம்எம்னு சொல்லிக்கிட்டே வந்தான். ஸ்கூல் சுவத்து நிழல்ல உக்காந்து சோறு தின்னோம். தின்னுட்டு அவன் கரைக்குப் போய் கால நனைச்சுட்டு வர்றேன்னு போனான். நான் மணி பார்த்தேன், ஒண்ணு. இதை நல்லா ஞாபகம் வச்சிருக்கேன்.

நான் சும்மா அந்தத் தெருவுக்குள்ள நடந்தேன். ஒரு ஒத்தை மாடி வீடு, சுவத்துல பழைய விண்டோ ஏசி ஒண்ணு மாட்டியிருந்துச்சு. தொழில் புத்தி போகுமா, எந்த மாடல்னு பார்க்கலாம்னு கிட்டப் போனேன். போனா அதுல இருந்து தண்ணி சொட்டுது. சொட்டு சொட்டா, ஒரே சீரா, கீழ மண்ணுல ஒரு சின்னக் குழியே விழுந்திருக்கு. மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. நான் கையை நீட்டி ஏந்தினேன். ஜில்லுன்னு இருந்துச்சு. கரண்டே இல்லாத ஊர்ல, நம்பினா நம்புங்க, ஓடுற ஏசியோட தண்ணி.

எனக்கு அப்பவும் பயம் இல்ல. யாரோ ஜெனரேட்டர் வச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன், ஆனா காதைத் தீட்டிக் கேட்டாலும் ஜெனரேட்டர் சத்தம் இல்ல. அப்பதான் ஜன்னலுக்கு உள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல், தமிழ்ல.

"அண்ணை, போட் போட்டுதோ?"

திடுக்குன்னு திரும்பினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், சாம்பல் கலர் கவுன், தலையில துண்டு. நம்மூரு முகம். பேச்சு இலங்கைப் பேச்சு, போட் போயிடுச்சான்னு கேக்கிறா. என்னை எப்படித் தமிழாளுன்னு கண்டுபிடிச்சாளோன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. இல்லம்மா, மூணரைக்குத்தான்னு சொன்னேன். அவ மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு.

"மேடம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவ. இன்னும் வரேல்ல. சனமெல்லாம் கரைக்குப் போட்டுதுகள். நான் தனியப் போனா விடுவினமோ தெரியாது."

எனக்கு என்ன தோணிச்சுன்னா, பிக்னிக் வந்த ஏதோ குடும்பத்தோட வேலைக்காரப் பொண்ணு, விட்டுட்டுப் போயிட்டாங்க. இல்லேன்னா வீட்டை விட்டு ஓடி வந்து ஒளிஞ்சிருக்கா. ரெண்டாவதுதான் சரின்னு பட்டுச்சு, பாஸ்போர்ட்னு வேற சொல்றாளே. உங்களுக்குத் தெரியாது, ஓடிப்போன வீட்டுவேலைக்காரப் பொண்ணு கூட நம்ம நிக்கிறதைப் பார்த்தாலே போதும், போலீஸ், ஜெயில், அப்புறம் ஃப்ளைட் ஏத்தி அனுப்பிடுவாங்க. எனக்கு அப்பதான் கல்யாணமாகி எட்டு மாசம், வீட்டுக்காரி முழுகாம இருக்கா. செல்வத்துக்கோ விசா கேன்சல் ஆகிற நேரம், அவன் பேப்பர்ல ஒரு கோடு விழுந்தாலும் அவன் ஊரு போய்ச் சேர முடியாது.

நான் பின்னால ரெண்டு எட்டு வச்சேன். அவ அதைப் பார்த்துட்டா.

"நீங்க போய்ப் பாத்துட்டு வருவீங்கள்தானே அண்ணை?"

"வருவேம்மா. நீ இங்கயே இரு, நான் போய் போட்டைப் பார்த்துட்டு வர்றேன்."

வர்றதா எனக்கு எண்ணமே இல்ல. இதை நான் யார்கிட்டயும் ஒத்துக்கிட்டதில்ல, உங்ககிட்ட சொல்றேன். தப்பிச்சாப் போதும்னு நடந்தேன். திரும்பிக் கூடப் பார்க்கல.

அவகிட்ட நான் பேசினது மிஞ்சிப் போனா அஞ்சு நிமிஷம். போட் துறை பத்து நிமிஷ நடை. ஆனா அங்க போய்ச் சேர்றப்ப போட் ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கு, செல்வம் ஒரு காலை போட்லயும் ஒரு காலை கரையிலயும் வச்சுக்கிட்டு, கயிறு அவுக்கிற பெங்காலிகிட்ட "பாய், தோ மினிட், தோ மினிட்"னு கெஞ்சிட்டு இருக்கான். அவன் வாட்ச்ல பார்த்தா மூணே முக்கால். என் வாட்ச்லயும் மூணே முக்கால்தான். ரெண்டரை மணி நேரம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வெயில்ல மயங்கி விழுந்திருப்பேன்னு சிலர் சொல்றாங்க. விழுந்தா சட்டையில மண்ணு ஒட்டாதா?

செல்வம் என்னைத் திட்டவே இல்ல, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. கையை நீட்டினான், ஆனா என்னைத் தாண்டி நீட்டினான். பையை வாங்குறான்னு நினைச்சு நான் பையைக் குடுத்தேன், அதை வாங்காம ஒரு மாதிரி என்னைப் பார்த்தான். பெஞ்சுல உக்காந்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இடம் விட்டு உக்காந்தான். கோவம் போலன்னு விட்டுட்டேன். போட் நகந்தப்புறம்தான் எனக்கு மனசு அறுத்துச்சு. ஒரு பொண்ணை அங்க விட்டுட்டு வர்றோமேன்னு. எந்திரிச்சுப் போய் போட்ல வேலை செய்ற மலையாளிகிட்ட, அந்தத் தெருவுல ஒரு பொண்ணு இருக்கு, ஏசி ஓடுற வீடுன்னு சொன்னேன். அந்த ஆளு சிரிச்சான். அந்தத் தெருவுக்குக் கரண்டு போய்ப் பதினாலு வருஷமாச்சு சேட்டா, வெயில் தலைக்கு ஏறிடுச்சு, தண்ணி குடின்னான்.

சால்மியாவுல இறங்கினதும் செல்வம் ரோட்டைப் பார்த்து கையை நீட்டி எதோ சொல்லிக்கிட்டு நின்னான். பஸ் ஸ்டாப்பைத்தான் யார்கிட்டயோ விசாரிக்கிறான்னு நினைச்சேன். அவனுக்கு எதிர்ல ஆளு இருந்துச்சா இல்லையான்னு நான் கவனிக்கல, சத்தியமா கவனிக்கல.

ரூமுக்கு வந்தப்புறம்தான் அவன் வெடிச்சான்.

"ஏன்டா, ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டு, போட்ல ஏறினதுலேருந்து தெரியாத மாதிரியே உக்காந்திருக்க? பாவம், அது ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறதுன்னு என்கிட்ட வந்து கேக்குது."

"எந்தப் பொண்ணுடா?"

"உன் பின்னாடியே வந்துச்சே, சாம்பக் கலரு கவுனு!"

நான் அவன்கிட்ட அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மலையாளிகிட்ட சொன்னதும் போட்டோட இன்னொரு மூலையில. கவுன் கலரை நான் யார்கிட்டயுமே சொல்லல. அன்னைக்கு நாங்க சண்டை போட்டோம், நல்லாவே போட்டோம், அவன் நான் நடிக்கிறேன்னு நினைச்சான், நான் அவன் என்னைச் சீண்டுறான்னு நினைச்சேன். ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னு புரிஞ்சப்ப சண்டையை விட்டுட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியா திரும்பப் போனேன். வருவேன்னு சொல்லியிருந்தேனே. தெருவைக் கண்டுபிடிச்சேன், வீட்டைக் கண்டுபிடிச்சேன். கூரை பாதி இல்ல. உள்ள முழங்கால் உயரத்துக்கு மணல், அதுல ஒரு கால் தடம் கூட இல்ல. ஏசிய எக்கிப் பார்த்தேன், வெறும் தகரக் கூடு, கம்ப்ரஸர் இல்ல, காயில் இல்ல, யாரோ எப்பவோ கழட்டிட்டுப் போயிட்டாங்க, உள்ள குருவி கூடு கட்டியிருக்கு. ஆனா அதுக்கு நேர் கீழ அந்தக் குழி இருந்துச்சு, அந்தக் குழி மட்டும் ஈரமா இருந்துச்சு. நான் ஜன்னல் பக்கத்துல நின்னு, தங்கச்சி, தங்கச்சின்னு கூப்பிட்டேன். பேரு கூடக் கேக்கலையேன்னு அப்பதான் உறைச்சது. யாரும் பதில் சொல்லல. போட்டுக்கு நேரமாகிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்.

செல்வம் ஊருக்குப் போயிட்டான். நானும் பின்னால வந்துட்டேன். இந்தப் பேச்சை நாங்க எடுக்கிறதே இல்ல. போன வருஷம் அவன் மக கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பந்தியெல்லாம் முடிஞ்சு மண்டபத்துல சேரைப் போட்டு உக்காந்திருக்கோம், அவனா ஆரம்பிச்சான், "ஏன் மாப்ள, அந்தப் புள்ள என்ன ஆச்சோ?"ன்னு. அவங்க ஊர்ல பொண்ணையும் புள்ளன்னுதான் சொல்வாங்க, அதனால நான், ஏர்போர்ட்டுக்குத்தானே வழி கேட்டுச்சு, ஊருக்குப் போயிருக்கும்னு சொன்னேன்.

"அது இல்லடா. அது தோள்ல போட்டிருந்துச்சே, அந்த அரபிப் புள்ள. மூணு வயசு இருக்கும்."

நான் பார்த்தப்ப அவ கையில பிள்ளை இல்ல. பிள்ளைன்னு ஒரு வார்த்தை அவ சொல்லவும் இல்ல. அப்ப அந்த வீட்டுக்காரங்க பிள்ளையா? தனக்காகத்தான் போட்டைக் கேட்டாளா, அந்தப் பிள்ளைக்காகவா? செல்வம் சொல்றது சரின்னா ரெண்டு பேரும் கரை சேந்துட்டாங்க. நான் பார்த்தது சரின்னா நான் ரெண்டு பேரையும் விட்டுட்டு வந்துட்டேன். எதை நம்புறதுன்னு எனக்கு விளங்கவே இல்ல. அந்தப் பிள்ளை அழுதுச்சாடான்னு மட்டும் கேட்டேன்.

"அழுகவே இல்லயே" அப்படின்னான், எனக்கு இது தெரியாமலா இருக்கும்ங்கிற மாதிரி. "போட்ல நீ பெஞ்சுல உக்காந்திருந்த வரைக்கும் உன் விரலைப் பிடிச்சுக்கிட்டுல்ல தூங்கிக்கிட்டு வந்துச்சு."

எந்தக் கைன்னு, அந்தத் தண்ணியை ஏந்தின கையான்னு நான் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல.