இரண்டு பக்கத்துக்கும் பால்

தொண்ணூறுகளின் நடுவில் நான் இத்தாலியில், பலேர்மோ நகரில் மாடிப்படி துடைத்தேன். சீசா என்ற பகுதியில் ஐந்தாறு கட்டிடங்கள். என்னோடு ஒரு திபெத்காரர் வேலைக்குச் சேர்ந்தார். என்னைவிட வயது கூட. அவர் மேலே இருந்து கூட்டிக்கொண்டு வருவார். நான் பின்னால் துடைத்துக்கொண்டு வருவேன்.

முதல் நாளே தமிழில் கதைத்தார். நான் திகைத்துப் போனேன். இந்தியாவில் அகதியாக இருந்தபோது, குளிர்காலத்தில் கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவராம்.

"அண்ணே, உனக்குத் தமிழ் சரியா வரலியே," என்றார் என் இலங்கைத் தமிழைக் கேட்டு.

"ஓம், நீங்கள்தான் எனக்குப் படிப்பிக்கவேணும்," என்றேன்.

அவருடைய ஊர் திபெத்தின் கிழக்கு ஓரம். அந்தப் பகுதிக்குக் காம் என்று பெயர். ஊர் ஓரமாகப் பெரிய ஆறு. ஆற்றுக்கு மேற்கே லாசா அரசு, கிழக்கே சீனர். ஊர்ச் சனத்துக்கு இரண்டும் வேண்டாம், தங்கள் தலைவரே போதும். ஆனால் அவர்களை யார் கேட்டது? படைகள் மாறி மாறி ஆற்றைக் கடந்தன. அவருடைய தாத்தா அறுவடை முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் பார்லி அளந்தார். இரண்டு பக்கத்து அதிகாரிக்கும் குதிரை கொடுத்தார். அப்படியே கிழவனாகி, படுக்கையில் செத்தார்.

"எங்கப்பாவும் அதையேதான் செஞ்சாரு. அப்புறம் வந்த சீனப் படை வேற மாதிரி. பார்லி குடுத்தா போகல. நீ யாரு ஆளுன்னு கேட்டாங்க. மலையில சண்டை போட்ட நம்ம பசங்களும் அதையேதான் கேட்டாங்க."

"பிறகு?"

"யாக் மாடு இருக்கு, வரமாட்டேன்னாரு. நாங்க மட்டும் கிளம்பினோம்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். 

என் தம்பி வவுனியாவுக்கு வடக்கே இருந்தான். ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் கிடந்த ஊர். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆமியிடம் பாஸ் எடுத்து டவுணுக்கு வந்து, ரெலிபோன் கடையில் காத்து நிற்பான். நான் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள கடையில் இருந்து அவனுக்குக் கோல் எடுப்பேன்.

"மனுசி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு டவுணுக்கு வந்திரு," என்றேன்.

"மாட்டை ஆர் பாக்கிறது? நீ அங்கையிருந்து வந்து கறப்பியோ?" சிரித்தான். "பயப்பிடாதை அண்ணை. காலமை சென்றியில காவல் நிக்கிற ஆமிக்குப் பால் குடுக்கிறன். பின்னேரம் இயக்கப் பெடியளுக்கும் குடுக்கிறன். ஒருத்தரும் தொடமாட்டினம்."

மறுநாள் படியில் இதைச் சொன்னேன். திபெத்காரர் கூட்டுவதை நிறுத்தினார்.

"எங்கப்பா பேசின பேச்சு இது," என்றார். "அடுத்த தடவை நான் பேசறேன்."

அடுத்த மாதம் கூடவே வந்தார். ரெலிபோனை வாங்கினார்.

"தம்பி, மாட்ட விட்டுட்டு வந்துடுப்பா. எங்கப்பாவும் மாட்டுக்காகத்தான் நின்னாரு."

திரும்ப என் கையில் தந்தார்.

"ஆர் அண்ணை அது? இந்தியன் ஆமியோ?" என்றான் தம்பி.

நான் சிரித்துவிட்டேன். திபெத்காரரிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். தம்பி இறங்கிவந்தான்.

"சரி, பசு கன்று போடட்டும். வாறன்."

அதற்கடுத்த மாத ஞாயிறு அவன் வரவில்லை. அவன் மனுசிதான் வந்தா.

"அத்தான், பால் குடுக்கப் போன இடத்தில ஆளைக் கொன்றுபோட்டாங்கள்."

"ஆர்?"

"தெரியாது அத்தான். நான் ரெண்டு பக்கமும் போய்க் கேட்டன். தாங்கள் இல்லை எண்டினம்."

அவவும் பிள்ளைகளும் டவுணுக்கு வந்துவிட்டார்கள். மாட்டை விட்டுவிட்டுத்தான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது? திபெத்காரர் என் முகத்தைப் பார்த்தார். தம்பியின் சேதியைச் சொன்னேன்.

"யாரு?" என்றார்.

"தெரியாதாம்."

"எங்கப்பாவைக் கொன்னதும் யாருன்னு தெரியல," என்றார். "இன்னிக்கு வரைக்கும்."

மூன்றாம் மாடி வீட்டுக்காரச் சிஞ்ஞோரா கதவைத் திறந்து கத்தினா. மேலே இருந்து அழுக்குத் தண்ணி வடிந்து அவவின் கால்மிதி நனைந்துவிட்டதாம். என் பிழைதான். துணியைப் பிழியாமல் துடைத்திருக்கிறேன். திபெத்காரர் கால்மிதியை எடுத்துப் படிக் கம்பியில் போட்டார். நான் குனிந்து அந்த இடத்தைத் துடைத்தேன்.