ஆனைக்குட்டம் சாலையில் ஒரு மதியச் சாப்பாடு

திருச்சியில் ஏறிய ரயில் விருதுநகருக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. நான் கணக்கு எழுதும் எழுதுபொருள் கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்க வருடத்துக்கு ஒருமுறை சிவகாசிக்கு வருவேன். பழகிய பயணம்தான். இந்த முறை புதிதாக, கைப்பையில் இன்சுலின் பேனா இருந்தது.

பல வருடம் மாத்திரையில் ஓடிய சர்க்கரை நோய் இந்தக் கோடையில் ஊசிக்கு வந்துவிட்டது. சாப்பிடுவதற்குச் சற்று முன் போட வேண்டிய ஊசி. இரண்டு இட்லிக்கு ஒரு அளவு, முழுச் சாப்பாட்டுக்கு ஒரு அளவு. டாக்டர் சொன்ன வரம்புக்குள் நானே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் சோற்றைக் கிண்ணத்தில் அளந்து, சாப்பிட்ட பின் விரலில் குத்திப் பார்த்து, ஒருவழியாகக் கை பழகியிருந்தது. வெளியூரில், முன்பின் தெரியாத இலைக்கு அளவு வைப்பது இதுதான் முதல் முறை. ஸ்டேஷனுக்கு எதிரில் மூன்று இட்லி, ஒரு வடை, நாற்பத்தைந்து ரூபாய். அதற்கு நான் போட்ட அளவு சரியாகவே அமைந்தது. மனதுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

நாள் வாடகை இரண்டாயிரத்து இருநூறு என்று பேசி ஒரு கார் எடுத்தேன். டிரைவர் மாரிச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும். சிவகாசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திருத்தங்கல் வரும் முன்பே கரிசல் காட்டுக்குள் பட்டாசு அறைகள் தெரியத் தொடங்கின. ஒரு அறை, அப்புறம் வெறும் தரை, அப்புறம் ஒரு வேம்பு, மறுபடி ஒரு அறை. அந்த இடைவெளிகள் எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"ஒண்ணுல தீப் பிடிச்சா அடுத்ததுக்குப் போகக் கூடாதுல்லாக்கா, அதான் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்காக," என்றார் மாரிச்சாமி. அவர் மனைவி பொன்னுத்தாயி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாராம். "உள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. மத்தியானம் அங்கன சவாரி வந்தா மெஸ் வாசல்ல வண்டிய நிப்பாட்டுவேன். அவ வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவா. இன்னைக்கு அங்கனயே சாப்பிடுதீகளா?"

அச்சகத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பகல் ஒரு மணிக்கு அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, நாலு மேசை. என்னைத் தவிர வேறு யாரும் சாப்பிட வந்திருக்கவில்லை. நடத்துகிறவர் சங்கரேஸ்வரி என்ற பெண். அடுப்படியில் ஒரு சமையல்காரர். சோறு, சாம்பார், கூட்டு, பாயசம், தொண்ணூறு ரூபாய். பாயசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். விரலில் குத்திப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. சங்கரேஸ்வரி இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும், சேலை மறைவில் வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். வழக்கத்தைவிட இரண்டு யூனிட் கூடுதல்.

முதலில் உள்ளங்காலில் ஏதோ தெரிந்தது. கூரைத் தகரம் ஒருமுறை உயர்ந்து அமர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம்.

யாரும் அலறவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்த சங்கரேஸ்வரி, "எந்தப் பக்கம்லே?" என்று மட்டும் கேட்டார். சமையல்காரர் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு, "கிளக்க," என்றார். "என் தம்பி அங்கனதானய்யா இருக்கான்" என்றபடியே சங்கரேஸ்வரி செருப்பில்லாமல் சாலையில் இறங்கிவிட்டார். சமையல்காரரும் பின்னால் ஓடினார். நான் வெளியே வந்தபோது மாரிச்சாமியின் கார் கிளம்பிப் போயிருந்தது. குளுக்கோஸும் பிஸ்கட்டும் இருந்த என் பயணப் பை அதன் பின் சீட்டில்.

கிழக்கே ஒரு புகை நேராக எழுந்து, காற்றில்லாததால் கலையாமல் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. இலையில் தெளித்த தண்ணீர் காயவில்லை. உள்ளே போய் நானே சோறு போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு பெண் தன் தம்பியைத் தேடி ஓடியிருக்கும்போது, அவள் சட்டியில் கரண்டி விட்டு எப்படி அள்ளுவது? இப்போது வந்துவிடுவார்கள் என்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மாரிச்சாமியை அழைத்தேன், எடுக்கவில்லை. பிடரியில் வேர்த்தது. பயம் என்றுதான் நினைத்தேன். விரல் நடுங்கியதும் புரிந்தது, சாப்பிடாமல் போட்ட ஊசி சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கிறது. எழுந்தேன்; எதற்கு எழுந்தேன் என்பது மறந்துபோய் மறுபடி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சாலையில் அவர்களைப் பார்த்தேன். வரிசையாக நடந்து வந்தார்கள். முகமும் கழுத்தும் கையும் வெள்ளி நிறம். கண் மட்டும் கறுப்பு. முப்பது நாற்பது பேர் இருக்கும், ஒரு பேச்சு இல்லை, அழுகை இல்லை, காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வெயிலில் அவர்கள் மினுங்கினார்கள். செத்தவர்கள்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஆச்சரியமே வரவில்லை என்பதுதான் இப்போது நினைத்தாலும் உடம்பைச் சில்லிட வைக்கிறது. அவர்களோடு எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஒரு உருவம் வரிசையிலிருந்து பிரிந்து உள்ளே வந்தது. என் முன்னால் நின்று இலையைப் பார்த்தது, மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தது.

"ஊசி போட்டுட்டீகளா? சாப்பிடலையா?"

என் நாக்கு புரளவில்லை.

அது அடுப்படிக்குள் போய்ச் சீனி டப்பாவோடு வந்தது. தண்ணீரில் கலக்கி என் வாயில் வைத்தது. அந்தக் கையில் பட்டாசு மருந்து வாடை. "முழுங்குங்க. இன்னொரு மடக்கு. எங்க ஆத்தாளுக்கும் இப்பிடித்தான் வரும்."

டம்ளர் காலியாகிச் சிறிது நேரம் கழித்து, அந்த உருவம் ஒரு பெண்ணாக மாறியது. அலுமினியத் தூள் படிந்த, முப்பத்தைந்து வயதுப் பெண். வெடித்தது பக்கத்துக் கம்பெனி. இவர்களை எல்லாம் வேலையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் ஒரே நெரிசல், போனை வாங்க முடியவில்லை. "எங்க வீட்டுக்காரரு வண்டி இங்கன நிக்குமேன்னு வந்தேன்," என்றாள்.

அவள் பெயரைக் கேட்டேன். பொன்னுத்தாயி.

என் போனில் மறுபடி மாரிச்சாமியை அழைத்தேன். இந்த முறை எடுத்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. போனை அவளிடம் கொடுத்தேன். "நாந்தான். மெஸ்ஸுல இருக்கேன்... ஏன் அழுதீக? நாந்தான்ங்கேன்ல." அவள் கன்னத்தில் வெள்ளி இரண்டு கோடாகக் கரைந்தது. பிறகு போனைத் தந்துவிட்டு, சங்கரேஸ்வரியின் சட்டியிலிருந்து எனக்குச் சோறு எடுத்து வைத்தாள். நான் தயங்கியதைப் பார்த்து, "அந்தக்கா இருந்தா அவுகளே போட்டிருப்பாக. சாப்பிடுங்க," என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாலை ரயிலுக்கு மாரிச்சாமிதான் கொண்டுவந்து விட்டார். ஸ்டேஷனில் என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சங்கரேஸ்வரியக்கா தம்பி இல்லாமப் போயிட்டான்க்கா," என்றார். சாப்பாட்டுக் காசை அவரிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன். அந்த நேரத்தில் அதை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் ரயில் ஏறிவிட்டேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியூரில் சோறு இலையில் விழுந்த பிறகே ஊசி. சீனி எப்போதும் உடம்போடு, தனிப் பையில் அல்ல. பாயசம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படியே செய்கிறேன். அளவு இப்போது தவறுவதில்லை.

போன வாரம் திருச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் சோறு விழுந்ததைப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் மாப்பிள்ளை அழைப்புக்காக மண்டப வாசலில் அதிர்வேட்டு போட்டார்கள். கூரை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் ரசம் கேட்டார். எதிர் வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது. ஒருவர்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்குக் கை சோற்றுக்குப் போகவில்லை. வாளியோடு வந்த பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து, "உங்க வீட்ல எல்லாரும் எங்கே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் விளங்காமல் சிரித்தாள்.